கண்டதை எழுதியதால் கிடைத்த தேர்ச்சி

நேற்று முடிவு வந்தது. இரண்டாம் முறையில் தேர்ச்சி பெற்றுவிட்டேன். உயிரியல் ஆசிரியர்களுக்கான ஆய்வக உயிரித் தொழில்நுட்பப் பயிற்சியின் மதிப்பீட்டுக்கு அடுத்து அமரப்போகிறவர்களுக்காக, சூடு ஆறுமுன் எழுதுகிறேன்.

முதல் முறை என்னைக் கவிழ்த்தது பாடமல்ல, ஆய்வக நோட்டு. ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் பச்சை ஒளிர்புரத மரபணுவைச் செலுத்தும் செய்முறை. 42 டிகிரியில் 50 விநாடி வெப்ப அதிர்ச்சி, உடனே பனிக்கட்டி. எல்லாம் கணக்காகச் செய்தேன். மறுநாள் புறஊதா விளக்கின் கீழ், ஆம்பிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் அராபினோஸ் என்ற சர்க்கரையும் சேர்த்திருக்க வேண்டிய தட்டில் வெளிறிய புள்ளிகள் நான்கைந்துதான் இருந்தன. ஒளிர்வே இல்லை. நான் "மங்கலாகப் பச்சை ஒளிர்ந்தது" என்று எழுதினேன். ஆண்டுக்கணக்கில் 'வர வேண்டிய விடை'யைக் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை அது. தேர்வாளர் தட்டை எடுத்து விளக்கடியில் வைத்தார்.

"எங்கே ஒளிர்கிறது, காட்டுங்கள்."

அதன்பின் நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. 'ஊடகத்தில் அராபினோஸ் விடுபட்டிருக்கலாம், அது இல்லாமல் அந்த மரபணு இயங்காது' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். மதிப்பெண் குறைத்தது நியாயம்தான். ஆனால் நோட்டை எப்படி எழுதுவது என்று பயிற்சியின் முதல் நாளே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்ற கசப்பு இன்னும் போகவில்லை.

இரண்டாம் முறை நிலைமை இன்னும் மோசம். பிளாஸ்மிட் என்பது மரபணுவைச் சுமந்து செல்லும் வட்ட டி.என்.ஏ.; ஆம்பிசிலினைத் தாங்கும் திறனும் அதில்தான். அது சேர்க்காத செல்களை இட்ட ஆம்பிசிலின் தட்டில் ஒன்றும் முளைக்கக் கூடாது. முளைத்திருந்தது, தட்டு முழுக்க. வயிறு கலங்கியது. ஆனாலும் பார்த்ததை அப்படியே வரைந்து, நேரம் குறித்தேன். கீழே காரணம்: தட்டில் ஊற்றும் அகார் கூழ் ஆறுமுன் ஆம்பிசிலினைக் கலந்ததால் மருந்து வீரியம் இழந்திருக்கலாம். அதற்கடுத்து சோதிக்கும் வழி: 50 டிகிரிக்கு ஆறவைத்துப் புதுத் தட்டு ஊற்றி, பிளாஸ்மிட் இல்லாத செல்களை மறுபடி இட வேண்டும். வாய்மொழித் தேர்வு முழுவதும் அந்த ஒரு தட்டைப் பற்றித்தான் பேசினோம்.

மற்றவை சுருக்கமாக:

- பிப்பெட்டில் உறிஞ்சும்போது பொத்தானை முதல் தடைவரை மட்டும் அழுத்துங்கள். இரண்டாம் தடை வெளியேற்ற மட்டுமே. வண்ணநீரில் கை பழகும்வரை விடாதீர்கள்.
- டி.என்.ஏ.வைப் பிரிக்கும் ஜெல்லின் குழிகள் எதிர்மின்முனைப் பக்கம் இருக்க வேண்டும். மின்சாரம் கொடுத்ததும் குமிழ் வருகிறதா பாருங்கள்.
- டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பி.சி.ஆரில் 95, 72 டிகிரி எல்லோருக்கும் தெரியும். நடுப்படியின் வெப்பநிலை ஏன் பிரைமருக்குப் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) மாறுகிறது என்பதுதான் கேள்வி. டி.என்.ஏ. சேர்க்காத குழாய் ஒன்று கட்டாயம்.
- குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. விடியற்காலையில் தனியாக, செய்முறையைப் படிப்படியாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததுதான் கைகொடுத்தது.

மறுபடியும் நோட்டுக்கே வருகிறேன். பென்சில் வேண்டாம், பேனா. தாளைக் கிழிக்காதீர்கள். தவறு நேர்ந்தால் கீழே உள்ளது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, தேதியுடன் சுருக்கொப்பமிடுங்கள். என் நோட்டில் 11 அடித்தல்கள் இருந்தன. ஒன்றுக்குக்கூட மதிப்பெண் குறையவில்லை.