பாங்காக் ஷாப்பிங்: டாக்ஸி பிடிக்காதீங்க, படகுல போங்க

ஊர் திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. பெட்டியை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. அந்த டாக்ஸிக்காரர் மேல் இருக்கிற கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

பிரதுனாமில் இருக்கிற பிளாட்டினம் ஃபேஷன் மாலில் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு நானும் அக்காவும் ஆளுக்கு இரண்டு பையோடு வாசலில் நின்றோம். தங்கியிருந்தது அசோக் பக்கம். வந்து நின்ற டாக்ஸியில் மீட்டர் இருந்தது. ஆனால் அவர் நாலு விரலைக் காட்டி நானூறு பாட் கேட்டார். அந்த ஊரில் மீட்டர் 35 பாட்டில் ஆரம்பிக்கும். மீட்டர் போடுங்கள் என்றதும் “டிராஃபிக், டிராஃபிக்” என்று கையை ஆட்டினார். ஒரு பாட் நமக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல். நானூறு என்றால் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும், அந்தப் பணத்துக்கு உள்ளே நாலு சட்டை எடுத்திருக்கலாம்! பின்னால் வந்த இரண்டு டாக்ஸிக்காரர்களும் அதையே சொன்னார்கள். இது பச்சைக் கொள்ளை.

அக்காதான் படகை ஞாபகப்படுத்தினாள். மாலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சென் செப் கால்வாயில் பிரதுனாம் படகுத்துறை. நீளமான மோட்டார் படகு. வந்து நிற்பதும் கிளம்புவதும் ஒரே நேரம், தாவித்தான் ஏற வேண்டும். ஹெல்மெட் போட்ட கண்டக்டர் படகின் வெளி விளிம்பில் நடந்தபடியே காசு வாங்குகிறார். எதிரே இன்னொரு படகு வந்தால் கறுப்புத் தண்ணீர் தெறிக்கும், ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் கயிற்றை இழுத்துப் பிளாஸ்டிக் தார்ப்பாயை உயர்த்துகிறார்கள். என் பக்கத்துப் பாட்டி எனக்கும் சேர்த்து இழுத்துவிட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து நாற்பது பாட்டுக்குள் முடிந்துவிட்டது. ரோட்டில் வண்டிகள் நகராமல் நிற்க, நாங்கள் சில நிமிடத்தில் அசோக் துறையில் இறங்கிவிட்டோம்.

பிளாட்டினம் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே பல கடைகளில் ஒரு சட்டைக்கு ஒரு விலை, மூன்று எடுத்தால் குறைந்த மொத்த வியாபார விலை. நிறம், அளவு மாறினாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கு தெரியாமல் முதல் கடையில் ஒன்று மட்டும் எடுத்து ஏமாந்தோம். அடுத்த கடையிலிருந்து எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, ஊரில் இருக்கிற தங்கைக்கு ஒன்று. அங்கே இந்த மூன்றுதான் லாபம், பேரம் பேசிப் பெரிதாகக் குறைவதில்லை. போட்டுப் பார்க்க அநேகக் கடைகளில் விடமாட்டார்கள், அளவு நாடா கையோடு இருந்தால் நல்லது.

பேரம் பேச ஆசை என்றால் சத்துச்சக் சந்தைக்குப் போங்கள். ஐயோ, என்ன இடம் அது! சனி, ஞாயிறு மட்டும்தான் முழுச் சந்தை. செடி வாங்குபவர்களுக்குப் புதன், வியாழனும் உண்டு. பறக்கும் ரயிலில் மோ சிட் ஸ்டேஷனில் இறங்கிக் கூட்டத்தோடு நடந்தால் போதும். 27 பகுதிகள், தகரக் கூரைக்குக் கீழே ஆள் அகலத்துக்குச் சந்துகள். பதினொரு மணிக்கு மேல் உள்ளே அனல் அடிக்கும், அதனால் ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். வழி தவறினால் நடுவில் இருக்கிற மணிக்கூண்டைத் தேடுங்கள்.

அங்கேதான் என் பெஞ்சரோங் கிண்ணம் கிடைத்தது. பஞ்ச ரங்கம், அதாவது ஐந்து நிறம் என்பதுதான் அங்கே பெஞ்சரோங் ஆகியிருக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற பீங்கான், மேலே கூம்பு மூடி, பச்சையும் சிவப்புமாகப் பூக்கள், ஒவ்வொரு இதழைச் சுற்றியும் முடி கனத்தில் தங்கக் கோடு. விரலால் தடவினால் அந்தக் கோடு மேடாகத் தட்டுப்படும். கடைக்கார அம்மா கால்குலேட்டரில் 650 தட்டி என் பக்கம் திருப்பினார். நான் 400 தட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே 550. நான் 450. கால்குலேட்டர் நாலு தடவை கை மாறி, 480-இல் முடிந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. மூடியைத் தனியாக, கிண்ணத்தைத் தனியாகச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

ஒரு வருத்தம் மட்டும் இருக்கிறது. அதே சந்தில் ஒரு பித்தளை மணி பார்த்தேன். சுற்றிவிட்டு வந்து வாங்கலாம் என்று நகர்ந்தவள், ஒரு மணி நேரம் தேடியும் அந்தக் கடையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிடித்தால் அப்போதே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் பகுதி எண்ணையும் சந்து எண்ணையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மால்கள்? சியாம் பாராகானில் ஏசிக்காகவும் கழிவறைக்காகவும் நுழைந்து, விலைச்சீட்டைப் பார்த்து வெளியே வந்தோம். ஐகான்சியாமில் தரைத்தளத்து சூக்சியாம் மட்டும் நல்லா இருந்தது. உள்ளேயே மிதக்கும் சந்தை மாதிரி அமைத்து, படகில் வைத்துச் சாப்பாடு விற்கிறார்கள். மாலில் பெரிதாக வாங்கினால் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடைகளில் ஒரே நாளில் ஒரே கடையில் குறைந்தது 2,000 பாட்டுக்கு வாங்கினால், 7 சதவீத வாட் வரியில் ஒரு பகுதி விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கும். படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்க வேண்டும்.

கிண்ணம் கைப்பையில், மூன்று டி-ஷர்ட்டுக்கு நடுவில், கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது. அந்த மணிக்காக அடுத்த டிக்கெட்டை வெள்ளிக்கிழமை இரவுக்குப் போடப் போகிறேன்.