பூங்காவுக்கு விட்ட இடம் எங்கே?

மக்களே, ஏரியா வளரட்டும், புது வீடு வரட்டும், கடை வரட்டும், அதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் நாஞ்சில் நாட்டு வயல்களை டிப்பர் டிப்பராகச் செம்மண் கொட்டி மூடும்போது மனை வரைபடத்தைக் காட்டு என்று நம்மில் யாராவது கேட்கிறோமா?

எங்கள் தெருவுக்குப் பின்னால் பழைய வயலில் மனை போட்டிருக்கிறார்கள். எல்லைக்கல்லுக்கு மஞ்சள் பெயின்ட், சுற்றிலும் கலர் கொடி, எல்லாம் பளபளவென்று இருக்கிறது. பாசனச் சானலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் வந்த சின்ன ஓடையில் மட்டும் பாதிக்கு மண் கிடக்கிறது. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, 2021 நவம்பரில் இந்தக் கன்னியாகுமரி மாவட்டமே வெள்ளத்தில் கிடந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா?

10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கான திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அது நம் பிள்ளைகள் விளையாட வேண்டிய இடம், யாரும் போடும் பிச்சை இல்லை. 500 சதுர மீட்டரைத் தாண்டினாலே ரெராவில் (மனை, வீட்டு விற்பனையைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வேண்டும், மனை வாங்கப் போகிறவர்கள் முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள்.

அப்புறம், ஊராட்சியில் கிராம சபை இருக்கிறது, நாகர்கோவில் மாநகராட்சிக்குள் வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபை இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் ஓடையை அளந்து கல் நடச் சொல்லி மனு கொடுக்கப் போகிறேன். தனியாளாகப் போய் நின்றால் வேலைக்காகாது. கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்பாக்ஸுக்கு வாங்க, சர்வே எண் அனுப்புகிறேன்.