முன்பக்கம் எழும்ப ஒரு போல்ட்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியா கராஜ்களுக்கு அமெரிக்க பிக்கப்போடு வருகிறவர்களில் பலருக்கும் ஒரே உறுத்தல்தான்: வண்டி முன்னால் குனிந்து நிற்கிறது. 'ஃபோக், ஃபோக்' (அரபியில் 'மேலே') என்று கையை மேலே தூக்கிக் காட்டுவார்கள்.

குனிந்து நிற்பது கோளாறு இல்லை. கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வருகிறது. பின்னால் லோடு ஏறினால் ஸ்பிரிங் பிளேட் அமுங்கி வண்டி மட்டமாகிவிடும். ஒட்டகத் தீவனம் ஏற்றுகிற ஒருவர் முன்பக்கத்தைத் தூக்கச் சொன்னபோது, ஒரு தடவை லோடோடு கொண்டுவந்து காட்டுங்கள் என்றேன். கட்டுகளோடு வந்து நின்ற வண்டி மட்டமாகத்தான் நின்றது. சிரித்துக்கொண்டே டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். காலி வண்டியை அழகுக்கு ஓட்டுகிறவர்களுக்குத்தான் இந்த வேலை.

எனக்குப் பிடித்தது செவ்ரலேயின் பழைய சில்வராடோ பிக்கப். 1999-இல் வந்த தலைமுறையில், ஃபோர் வீல் டிரைவ் 1500 மாடலுக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார்தான். நீளமான ஸ்டீல் தடி. ஒரு முனை வீலைத் தாங்கும் லோயர் ஆர்மில் இருக்கும், மறு முனை சாசியின் குறுக்குச் சட்டத்தில் 'கீ' என்கிற சின்ன நெம்புகோலுக்குள் உட்கார்ந்திருக்கும். வீல் மேலே போனால் தடி முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்குதான் ஸ்பிரிங். கீயைத் தாங்கும் போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் எழும்பும். 2007-இல் வந்த அடுத்த தலைமுறை 1500-க்கு உயரம் கூட்டும் ஸ்பேசர் வைக்க, ஸ்ட்ரட்டையே (சுருள் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக்) கழற்ற வேண்டும். பழையதற்கு ஒரு சாக்கெட் போதும். போதும் என்பதால்தான் ஆளாளுக்குத் திருகிப் பார்க்கிறார்கள்.

மணலில் ஓட்டக் காற்றைக் குறைத்தவர்கள் அப்படியே வந்து நிற்பார்கள். அதனால் முதலில் நாலு டயருக்கும் காற்று. அப்புறம் மட்டமான தரையில், வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப். பெட்ரோல் டேங்க் டிரைவர் பக்கம் இருப்பதால் இரண்டு பக்கமும் ஒரே அளவு வருவது அபூர்வம், அதனால் இரண்டு போல்ட்டுக்கும் ஒரே கணக்கில் சுற்று கொடுக்கக் கூடாது. மரையில் மணல் அப்பியிருக்கும். கம்பி பிரஷ் போட்டு, ஆயில் விட்டு, பழைய இடம் தெரிய பெயின்ட்டால் ஒரு கோடு. ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வைத்து, வீல் தொங்கிய பிறகுதான் சாக்கெட். இறக்கிய உடனே அளந்தால் டேப் பொய் சொல்லும். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து அளக்க வேண்டும். கீயையே கழற்றுவதென்றால் முறுக்கைத் தாங்கிப் பிடிக்கும் புல்லர் இல்லாமல் கிட்டே போகக் கூடாது. முறுக்கு விட்டால் கை போய்விடும்.

"இன்னும் ரெண்டு சுத்து கொடுத்தா ஸ்பிரிங் ஸ்ட்ராங் ஆகும்லண்ணே?" என்று ராமநாதபுரத்துத் தம்பி ஒருவன் கேட்டான். அனுபவப்பட்ட மெக்கானிக்குகளே இதை நம்புகிறார்கள். ஆகாது. தடியின் நீளமும் தடிமனும் அதேதான், கடினமும் அதேதான். குறைவது, வீல் கீழே இறங்குவதற்கு மிச்சமிருக்கிற தூரம். யாரோ எக்கச்சக்கமாகத் திருகிவிட்ட ஒரு வண்டியின் அடியில் அவனைப் படுக்க வைத்து, அப்பர் ஆர்முக்கும், வீல் அதிகம் இறங்காமல் தடுக்கிற ஸ்டாப்புக்கும் நடுவே விரலை விடச் சொன்னேன். விரல் நுழையவே இல்லை. பள்ளத்தில் வீல் இறங்கும்போது அங்கேதான் 'டக்'கென்று இடிக்கும். ஓட்டுகிறவர் ஸ்பிரிங் கெட்டியாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார். மணல்மேட்டில் ஓட்ட வீல் நன்றாக இறங்க வேண்டும், ஆனால் அதிகம் தூக்கச் சொல்லி அடம்பிடிப்பதும் மணலுக்குப் போகிறவர்கள்தான்! ஆக்ஸில் ஜாயின்ட்டுகளும் சாய்ந்தே சுற்ற வேண்டிவரும். நான் ஒன்றரை இன்ச்சோடு நிறுத்திக்கொள்வேன்.

உயரம் மாறினால் டோ (வீல் உள்ளே-வெளியே திரும்பி நிற்பது), கேம்பர் (வீல் சாய்ந்து நிற்பது) இரண்டும் மாறும். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்து நாங்களே இறக்கிக் கொடுத்துவிடுவோம். அலைன்மென்ட் பக்கத்துக் கடையில். அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்று போனவர்கள் டயர் ஓரம் தேய்ந்து திரும்பி வருவதால், இப்போதெல்லாம் அதையும் சேர்த்தே ரேட் சொல்கிறேன். பேரத்தில் முதலில் வெட்டச் சொல்வதும் அதைத்தான்.