நிற்கும் மேசையும் ஓடும் காலும்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

அலுவலகத்தில் என் இடத்துக்கு ஏற்றி இறக்கும் மேசை வந்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் மோட்டார் ஓடி மெல்ல உயர்கிறது. இரண்டு உயரங்களைப் பதிந்துவைக்கலாம்: உட்கார ஒன்று, நிற்க ஒன்று. நிற்கும்போது முழங்கை செங்கோணத்தில் மடங்கி, தோள் தூக்காமல் விசைப்பலகையில் கை படிய வேண்டும். மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். என் உயரத்துக்கு மேசைப் பலகை 102 செ.மீ.யில் சரியாக அமைந்தது.

பக்கத்து இடத்துத் தம்பி கேட்டான்: "அக்கா, நீங்கதான் தினமும் காலையில ஓடுறீங்களே, உங்களுக்கு எதுக்கு இது?"

நல்ல கேள்வி. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் வெயில் ஏறுவதற்குள் ஓட்டத்தை முடித்துவிடுகிறேன். ஜனவரியில் சென்னை மாரத்தான் ஓட வேண்டும், அதற்கான பயிற்சி. ஆனால் அங்கிருந்து சோழிங்கநல்லூர் வந்து உட்கார்ந்தால் இருட்டும்வரை நாற்காலிதான். மாலையில் எழும்போது இடுப்பின் முன்பக்கம் இறுகிப்போய், முதல் சில அடிகள் குனிந்தபடியே நடக்கிறேன். காலையில் ஓடிய அதே உடம்புதான் இது. அவன் கேட்டதற்கு எனக்கே பதில் தெரிய வேண்டும், அதனால் எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

முதலில் கலோரிக் கணக்கை ஒதுக்கிவிடலாம். 2018-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை, உட்காருவதைவிட நிற்பதால் நிமிடத்துக்குக் கூடுதலாகச் செலவாவது 0.15 கிலோகலோரி என்கிறது. 65 கிலோ எடையுள்ளவர் ஆறு மணி நேரம் நின்றால் 54. ஏறக்குறைய ஓர் இட்லி. எடை குறைக்க இந்த மேசையை வாங்குகிறவர்களிடம் கடைக்காரர் இதைச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அதைவிட முக்கியமானது 2016-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவு. நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருகிறவர்களாக இருந்தாலும், தினமும் 60 முதல் 75 நிமிடம் வேகநடை போன்ற உழைப்பு இருந்தால், உட்காருவதால் கூடும் மரண அபாயம் அவர்களிடம் தென்படவில்லை. ஆக, ஓடுகிற ஆளை நாற்காலி கொன்றுவிடாது. ஓடுகிற நண்பர்கள் பலர் பயந்துகொண்டு இருக்கிறார்கள். இதைப் படித்தால் நிம்மதியாக இருக்கும்.

அப்படியானால் மேசை எதற்கு? உயிர் பிழைக்க இல்லை. இறுக்கம் இல்லாமல் வேலை பார்க்க, மறுநாள் காலை இலகுவான காலோடு ஓட. அது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் நீண்ட ஓட்டம், 21 கி.மீ. மாலையில் அத்தையோடு தி. நகருக்கு. ஆடித் தள்ளுபடியின் கடைசி ஞாயிறு; உஸ்மான் சாலையில் தோளை நுழைக்க இடமில்லை. கடைக்குள் போய் நின்றதும் கெண்டைக்கால் கனத்துவிட்டது. புடவை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உட்காருங்கக்கா, நான் எடுத்துக் காட்டுறேன்."

"நீ எப்போலேர்ந்து நிக்கிற?"

"கடை திறந்ததுலேர்ந்துக்கா. எங்களுக்கும் ஸ்டூல் இருக்கு. கூட்டம் இல்லாதப்ப, சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனா உட்காருவோம்."

அவள் கணுக்காலில் கொலுசுக்கு மேலே நரம்பு நீலமாகப் புடைத்திருந்தது. வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும்.

அந்த ஸ்டூல் சும்மா வரவில்லை. கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள், உட்காரும் உரிமை கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். தையல் வேலை பார்த்த விஜி அதில் முன்னே நின்றவர். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது: எல்லா ஊழியர்க்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும். நான் நிற்பதற்கு மேசை கேட்டு வாங்கிய ஊரில், உட்காருவதற்குச் சட்டம் போட வேண்டியிருந்தது. வீடு வந்தும் இது மனதை விடவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்று வேண்டுமென்றே அதிக நேரம் நின்று பார்த்தேன். இன்று காலை படுக்கையிலிருந்து காலை ஊன்றியதும் குதிகாலில் சுருக்கென்றது. நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் நிற்பது என் காலுக்கு ஒத்துவரவில்லை.

காரணம் புரிகிறது. நடக்கும்போது கெண்டைத் தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி, சிரைகளில், அதாவது நாம் நரம்பு என்று சொல்லும் ரத்தக் குழாய்களில், உள்ள ரத்தத்தை மேலே தள்ளுகிறது; வால்வுகள் அதைக் கீழே இறங்கவிடாது. அசையாமல் நின்றால் அந்தப் பம்பு ஓய்ந்துவிடும், ரத்தம் காலில் தேங்கும். ஏற்கெனவே களைத்த தசைக்கு ஓய்வும் இல்லை, ஓட்டமும் இல்லை. 2024-ல் பிரிட்டனில் 83,000 பேர் மணிக்கட்டில் கட்டியிருந்த அசைவுமானிகளின் பதிவுகளை அலசிய ஆய்வும் இதையே காட்டுகிறது: அதிகம் நின்றதால் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க நிற்க, கால் சிரை வீக்கம் போன்ற ரத்த ஓட்டக் கோளாறுகள் கூடின.

1700-லேயே இத்தாலிய மருத்துவர் ராமஜ்ஜினி இரு தரப்பையும் எழுதிவைத்துவிட்டார்: நின்று உழைப்போருக்கு நரம்புப் புடைப்பு, உட்கார்ந்து தைப்போருக்கு முதுகுக் கூன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இப்போது எனக்கென்று ஒரு முறை வந்துவிட்டது. நீண்ட ஓட்டத்துக்கு மறுநாளும் வேக ஓட்டம் ஓடிய நாளும் மேசை கீழேதான். அந்த நாட்களில் உட்கார்ந்திருந்து, அவ்வப்போது எழுந்து தண்ணீர் பிடிக்கப் போகிறேன், மாடிப்படி ஏறுகிறேன். மெதுவான ஓட்டமும் ஓய்வும் உள்ள நாட்களில்தான் மேசை ஏறுகிறது. அதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே நிலையில் இல்லை. தொலைபேசி அழைப்பு, மின்னஞ்சல், சக ஊழியர் எழுதிய நிரலைப் படிப்பது எல்லாம் நின்றபடி. புதிதாக யோசித்து எழுத வேண்டியது உட்கார்ந்து. நின்றால் எனக்கு மனம் கூடவில்லை.

கிரானைட் தரையில் மெல்லிய செருப்போடு நிற்கக் கூடாது. ஓட்டத்துக்கு ஓய்வு கொடுத்த பழைய ஷூ ஒன்றை மேசைக்கடியில் வைத்திருக்கிறேன். முட்டியைப் பூட்டாமல், ஒரு காலைச் சின்னப் பலகை மேல் மாற்றி மாற்றி வைத்தால் இடுப்பு வலிப்பதில்லை. மாலையில் குனிந்து நடப்பது நின்றுவிட்டது. இந்த ஒன்றுக்கே மேசை தகும்.

தம்பிக்கு லண்டன் பஸ் கதையைச் சொன்னேன். 1953-ல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர், இரட்டை மாடிப் பஸ்களின் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று காட்டினார். "பாத்தீங்களா, நின்னவங்க பிழைச்சாங்க!" என்றான். நின்றதால் இல்லை, அவர்கள் நாளெல்லாம் படி ஏறி இறங்கினார்கள் என்றேன். சாப்பிட்டுவிட்டு இருவரும் படியிலேயே மேலே வந்தோம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கீழே லிஃப்ட் முன்னால் நிற்கும் செக்யூரிட்டி அம்மாவுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். தினமும் அவரைக் கடந்துதான் என் மேசைக்குப் போகிறேன். இன்று நின்று பேசினேன். "சாயந்தரமானா கால் கடுக்குதும்மா. வீட்டுக்குப் போய் வெந்நீர்ல வெச்சாத்தான் தூக்கம்."

நிர்வாகப் பிரிவில் கேட்டேன். வாடிக்கையாளர்கள் வரும்போது காவலுக்கு இருப்பவர் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது என்றார்கள். எனக்கு மேசை தந்தபோது உடல்நலம் பற்றி அவ்வளவு அக்கறையாகப் பேசியவர்கள். 22-ஏ பிரிவை இணைத்து மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். எங்கள் வரிசையிலிருந்து பலர் தங்கள் பெயரையும் சேர்த்தார்கள். தம்பியின் பெயர் முதலில்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நாற்காலி வந்தது. பிளாஸ்டிக், தாழ்வானது. அதில் உட்கார்ந்தால் வரவேற்பு மேடைக்கு மேல் அந்த அம்மாவின் தலை தெரியவில்லை, வருகிறவர்களை அவரால் பார்க்க முடியவில்லை. அதனால் மறுபடி நின்றுகொண்டிருக்கிறார். சாய்மானமும் கால் வைக்கக் கம்பியும் உள்ள உயர ஸ்டூல் வேண்டும், அப்போதுதான் உட்காரவும் எழவும் நொடியில் முடியும். அவரை உட்காரச் சொல்லி மேடையின் உயரத்தை டேப்பால் அளந்தேன், ஸ்டூல் உயரத்தையும் கணக்கிட்டு எழுதி அனுப்பியாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.