கடன் வாங்கிய பென்சில்

"பேனா கூடாது, மகள்."

பழைய ஆவணங்களைக் காக்கும் சுவடிகள் கூடத்து ஐயா சிங்களத்தில் சொன்னார்; 'மகள்' என்பதை மட்டும் தமிழில் சொன்னார். சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து நீட்டினார். பிளேடால் சீவிய நீண்ட முனை. பிடிக்கும் இடத்தில் மஞ்சள் வண்ணமே தேய்ந்துபோயிருந்தது. எத்தனை ஆய்வு மாணவர்களின் விரல்களோ!

1945இல் வந்த இலவசக் கல்விதான் என்னைக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பட்டதாரியாக்கியது. முதுதத்துவமாணி (எம்.ஃபில்.) ஆய்வுப் பட்டத்துக்குக் கட்டணம் என் சம்பளத்திலிருந்து போகிறது. வகுப்பில்லை, பக்கத்து இருக்கைத் தோழியும் இல்லை. விடுப்பு கிடைக்கும் நாளில் வந்து, 1930களின் வீரகேசரி நாளிதழ்ப் பக்கங்களோடு தனியே உட்கார்ந்திருக்கிறேன். சில நாட்களில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே வீடு திரும்புவேன்.

மாலையில் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"மறுபடியும் வருவீர்கள்தானே?"

அடுத்த விடுப்பு வரை அது என் பையில் இருக்கும்.