சுத்தியலுக்குச் சான்றிதழ் இருக்கிறது, பிடிக்கிற கைக்கு?

போன வருடம் ஒரு பள்ளிக் கட்டிடத்துக்குப் போயிருந்தோம். முப்பது வருடத்துக்கு மேல் ஆன தூண்கள், மேலே இன்னொரு மாடி ஏற்றலாமா என்பது கேள்வி. எங்களுக்கு முன்பே ஒரு குழு வந்து, கான்கிரீட்டில் அடித்துத் துள்ளல் எவ்வளவு என்று பார்த்து வலிமையை ஊகிக்கும் ரீபவுண்டு ஹேமரால் சோதித்து, சதுர மில்லிமீட்டருக்கு 28 நியூட்டன் வலிமை இருக்கிறது, தாராளமாக ஏற்றலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தது. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த ஹேமர் சரியாக அளக்கிறது என்ற கேலிபரேஷன் சான்றிதழும் முத்திரையோடு இருந்தது. அதே தூண்களில் நான் எங்கள் ஹேமரால் அடித்தேன், எனக்கும் 28க்குப் பக்கத்தில்தான் வந்தது. மனசு கேட்காமல் மூன்று இடத்தில் கோர் எடுத்து, அதாவது கான்கிரீட்டை உருளையாகத் துளைத்து எடுத்து, லேபில் நசுக்கிப் பார்த்தோம். சராசரி 19.

இரண்டு ஹேமருமே ஒழுங்காகத்தான் வேலை செய்தன. உருவி எடுத்த கோர் மேல், காரத்தன்மை உள்ள இடத்தில் மட்டும் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீன் திரவத்தைத் தெளித்ததும் விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே நல்ல இளஞ்சிவப்பு, வெளிப்பக்கம் மூன்று சென்டிமீட்டருக்கு நிறமே ஏறவில்லை. காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி மேல் தோலை இறுக்கிவிட்டிருக்கிறது, ஹேமர் அந்தத் தோலின் கடினத்தைத்தான் அளந்தது. இப்படிக் கார்பனேஷன் ஆன பழைய கான்கிரீட்டில் வலிமை 50 சதவீதம் வரைக்கும்கூட அதிகமாகக் காட்டும் என்று ஐஎஸ் 13311 என்ற இந்தியத் தர விதிநூல், இரண்டாம் பாகம், 1992லேயே எச்சரித்திருக்கிறது. படித்தவருக்குத் தெரியும். படித்தாரா என்று அந்தப் பள்ளி நிர்வாகம் கேட்டிருக்க வழியே இல்லை, ஏனென்றால் நம்மூரில் ஹேமருக்குத்தான் சான்றிதழ் கேட்கிறோம், அதைப் பிடித்தவருக்கு யாரும் கேட்பதில்லை.

இந்த வேலையில் எனக்குப் பதினான்கு வருடம் ஆகிறது, முதல் நான்கு வருடம் நானும் எந்தச் சான்றிதழும் இல்லாமல்தான் அடித்தேன். ஹேமரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அழுத்தினால் 'டக்' என்று ஒரு எண் காட்டும். ஸ்விட்சர்லாந்தின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் கண்டுபிடித்த எளிமையான கருவி. அந்த எளிமையை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். மேலே பார்த்து ஸ்லாபின் அடியில் அடித்தால் எண் கூடும், தரையைப் பார்த்து அடித்தால் குறையும், ஈரமாக இருந்தால் குறையும், அடிக்கும் இடத்துக்குக் கீழே ஜல்லி இருந்தால் ஒன்று, வெற்றிடம் இருந்தால் வேறொன்று. விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டராவது தள்ளி அடிக்க வேண்டும், பூச்சை எடுத்துவிட்டு கார்போரண்டம் கல்லால் தேய்த்திருக்க வேண்டும். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தாலும் வலிமை மதிப்பீட்டில் 25 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்றுதான் அதே 1992 ஐஎஸ் சொல்லியிருந்தது. ரிப்போர்ட்டில் தசமப் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் போட்டு எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

அல்ட்ராசோனிக் சோதனையும் இப்படித்தான். எதிரெதிர் பக்கத்தில் கிரீஸ் தடவி, ஒலியை அனுப்பவும் வாங்கவும் டிரான்ஸ்டியூசர்களை வைத்து, ஒலி கடக்கும் நேரத்தைப் பார்த்து வேகம் கணக்கிடுகிறோம். நொடிக்கு நாலரை கிலோமீட்டருக்கு மேல் என்றால் பிரமாதம், மூன்றுக்குக் கீழே என்றால் சந்தேகம் என்று பழைய ஐஎஸ் அட்டவணை சொல்லும். ஆனால் அது கான்கிரீட்டின் தரத்தைச் சொல்கிற அட்டவணை, அதை வைத்து வலிமை இத்தனை நியூட்டன் என்று எழுதிவிட முடியாது. ஒலி போகும் பாதையில் கம்பி ஓடினால் வேகம் பொய்யாக ஏறும். ஈரம் இருந்தாலும் வேகம் ஏறும், அதே ஈரம் ஹேமர் எண்ணை இறக்கும். ஒரே தூணில் இரண்டு சோதனையும் செய்து, இரண்டும் எந்தப் பக்கம் இழுக்கின்றன என்று பார்க்கப் பழகியவருக்கு இந்த முரண்பாடே ஒரு தகவல்.

சரி, சான்றிதழ் எங்கே வாங்குவது? நம்மூரில் என்டிடி, அதாவது உடைக்காமல் சோதிப்பது, என்று சொன்னாலே வெல்டிங் சோதனைதான். லெவல் ஒன்று, லெவல் இரண்டு என்று திருச்சியிலும் சென்னையிலும் பயிற்சி எடுத்துக்கொண்டு வளைகுடாவுக்குப் போன பையன்கள் எத்தனையோ பேர், அவர்கள் கற்றதெல்லாம் இரும்புக்கானது. கான்கிரீட்டில் ஜல்லியும் மணலும் காற்றும் கலந்து கிடப்பதால் இரும்பில் கற்றது இங்கே அப்படியே செல்லாது. வெல்டிங் சான்றிதழைக் காட்டி பில்லர் சோதிக்க வருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அமெரிக்கன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட், அதாவது ஏசிஐ, கான்கிரீட் வலிமையை உடைக்காமல் சோதிப்பவர்களுக்கென்றே தனியாக ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. இதைப் போன்ற ஒன்று நம் டெண்டர்களில் கட்டாயமாக வேண்டும் என்பதுதான் என் ஆசை. லேபுக்கு என்ஏபிஎல், அதாவது சோதனைக்கூடங்களுக்கான தேசிய வாரியத்தின், அங்கீகாரம் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் வெயிலில் சாரத்தின் மேல் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு ஹேமரைச் செங்குத்தாக அழுத்துகிறாரா, சாய்த்து அழுத்துகிறாரா என்பது லேபின் சுவரில் மாட்டிய காகிதத்துக்குத் தெரியாது.

எழுத்துத் தேர்வு மட்டும் போதாது என்றும் நினைக்கிறேன். நான் பயிற்சி எடுத்த இடத்தில் என்னை மாற்றியது ஒரு மதிய வேளைதான். கியூபை, அதாவது சோதனைக்காக வார்த்த கான்கிரீட் கனசதுரத்தை, அமுக்கும் மிஷினில் வைத்து, சதுர மில்லிமீட்டருக்கு 7 நியூட்டன் அழுத்தத்தில் நிறுத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் ஹேமரால் ஒன்பது ஒன்பது தடவை அடித்தோம். எண்களைக் குறித்த பிறகு அதே கியூபை உடையும் வரை அமுக்கினார்கள். என் எண்ணிலிருந்து நான் ஊகித்த வலிமையையும் கியூப் உண்மையில் உடைந்த வலிமையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னார் பயிற்சியாளர். பன்னிரண்டு கியூப் உடைத்தோம். அன்றைக்குத்தான் ஹேமரின் உடம்பில் ஒட்டியிருக்கிற, எண்ணை வலிமையாக மாற்றிக் காட்டும் கர்வ், என் ஊர் ஜல்லிக்கும் என் ஊர் மணலுக்கும் போட்டதில்லை என்பது கையால் புரிந்தது.

இப்போது எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருக்கிற இரண்டு பேருக்கும் அதையே செய்யச் சொல்லியிருக்கிறேன். மூன்று கலவையில் கியூப் போட்டுத் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது, வருகிற வியாழக்கிழமை 28 நாள் முடிகிறது. ஆளுக்கொரு நோட்டு கொடுத்தாயிற்று. உடைப்பதற்கு முன்னால் தங்கள் ஊகத்தைப் பேனாவால்தான் எழுத வேண்டும், பென்சில் கூடாது என்று சொல்லிவிட்டேன்.