எச்சம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று அதிகாலை சித்தப்பா போய்விட்டார். தூக்கத்திலேயே. 81 வயது.

நான் போய்ச் சேர்ந்தபோது சித்தி அழவில்லை. "முதல்ல அந்த ஃபேனை நிறுத்து" என்றார். துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்தேன். "நிறுத்துடா, கண்ணு காஞ்சிடும்" என்று சத்தம் போட்ட பிறகுதான் புரிந்தது. சித்தப்பா கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. சித்திக்குத் தெரிந்திருந்தது, செய்ய வேண்டியதெல்லாம் மனப்பாடமாகவும் இருந்தது. இமைகளை மூடினார், ஈரப் பஞ்சை மேலே வைத்தார், தலைக்கு இரண்டு தலையணை கொடுத்து உயர்த்தினார், கண் வங்கிக்குப் போன் செய்யச் சொன்னார். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டுமாம்.

உறவினர் ஒருவர் "உடம்பை முழுசா அனுப்ப வேண்டாமா?" என்று இழுத்தார். சித்தி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

வந்தவர்கள் இரண்டு பேர். கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். மறுபடி உள்ளே போக எனக்குப் பயமாக இருந்தது. முகம் குழி விழுந்து கிடக்குமோ என்று. அப்படி ஒன்றுமில்லை. தூங்கும்போது எப்படி இருப்பாரோ அப்படியே இருந்தார், கொஞ்சம் எரிச்சலோடு.

மார்ச் 5, வியாழன்

வந்தவர்கள் எல்லாரும் "தங்கமான மனுஷன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செத்தவரை உடனே தங்கமாக்கிவிடுகிறோம். அவர் தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. முன்கோபி. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார். உதவி கேட்டு வந்தவரை முதலில் நன்றாகத் திட்டிவிட்டுத்தான் உதவுவார். திட்டு வாங்கப் பயந்தே பலர் கேட்காமல் இருந்திருப்பார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. கண்தானம் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

முழுக் கண்ணையும் எடுத்து இன்னொருவருக்கு வைப்பதாகவே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இல்லை. கருவிழி என்று நாம் சொல்லும் பகுதியின் மேல் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறதே, அதை மட்டும்தான் பொருத்துகிறார்கள். அதில் ரத்தக் குழாயே கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர் வழியாக எடுத்துக்கொள்கிறது. மற்ற உறுப்புகளைப் போல ரத்த வகை பார்த்துப் பொருத்த வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லாததும், உடல் அதை அவ்வளவாக எதிர்க்காததும் அதனால்தான். கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோயாளி இவர்களும் கொடுக்கலாம்.

வெற்றி பெற்ற முதல் மாற்று 1905-இல் நடந்திருக்கிறது. இன்றைய செக் நாட்டில் இருக்கும் ஓலோமௌட்ஸ் நகரில், எட்வர்ட் ஸிர்ம் என்ற மருத்துவர் செய்தார். சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன ஒரு தொழிலாளிக்கு, காயத்தால் கண்ணை இழக்க வேண்டியிருந்த ஒரு சிறுவனின் படலம். அதாவது கொடுத்தவன் உயிரோடு இருந்தான். இறந்தவர் கண்ணிலிருந்து எடுத்தாலும் அது வேலை செய்யும் என்று 1930-களில் நிறுவிக் காட்டியவர் இன்றைய உக்ரைனின் ஒடேசா நகரில் இருந்த ஃபிலடோவ் என்ற கண் மருத்துவர். 1944-இல் நியூயார்க்கில் முதல் கண் வங்கி வந்தது.

ஃபிலடோவின் அந்த வேலைதான் என்னை யோசிக்க வைக்கிறது. அதற்கு முன்னும் இறந்தவர்கள் கண்ணில் அந்தப் படலம் சில மணி நேரம் உயிரோடுதான் இருந்திருக்கும். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மார்ச் 13, வெள்ளி

சித்தப்பாவின் மேசையில் ஒரு பழைய நோட்டு. கடன் கணக்கு. ஒரு பெயர், தொகை, பக்கத்தில் ஒரு அம்புக்குறி, அதன் முனையில் இன்னொரு பெயர். சில வரிகளில் மூன்று, நான்கு அம்புகள். சில வரிகள் அம்போடு நின்றுவிட்டன.

சித்தி விளக்கினார். திருப்பிக் கொடுக்க வந்தால் வாங்க மாட்டாராம். "உன்கிட்ட ஒருத்தன் வந்து நிப்பான், அவனுக்குக் குடு. குடுத்துட்டு வந்து பேரைச் சொல்லு" என்பாராம். பேர் சொல்லாவிட்டால் தெருவில் பார்க்கும்போது கத்துவாராம். அதை நம்புகிறேன்.

அமெரிக்க விடுதலைத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இதையே செய்திருக்கிறார். 1784-இல் பாரிஸ் அருகே இருந்தபோது, பணமில்லாமல் தவித்த ஒருவருக்குப் பத்து பொற்காசு அனுப்பி, இதை எனக்குத் திருப்பித் தர வேண்டாம், உன்னைப் போலத் தவிக்கும் நேர்மையான ஒருவனுக்குக் கொடு, அவனும் அப்படியே செய்யட்டும் என்ற பொருளில் எழுதினார். கொஞ்சப் பணத்தில் நிறைய நல்லது செய்ய இது ஒரு தந்திரம் என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார்.

அதே மனிதர் 1790-இல் இறந்தபோது பாஸ்டனுக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு எழுதி வைத்திருந்தார். இளம் கைவினைஞர்களுக்குக் கடனாகக் கொடுத்து, வட்டியோடு வளர்த்து, 200 ஆண்டுகள் நடத்த வேண்டும் என்று ஏற்பாடு. நடத்தினார்கள். முடிவில் பாஸ்டனில் மட்டும் 40 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது. பெரிய விஷயம்தான். ஆனாலும் எனக்கு அந்தப் பத்து காசுதான் பிடித்திருக்கிறது. உயிலில் அவர் 200 வருடம் பிடியை விடவில்லை. கடிதத்தில் விட்டுவிட்டார்.

சித்தப்பா இரண்டுக்கும் நடுவில். பணத்தை விட்டார், பேரை விடவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்.' பள்ளியில் மனப்பாடம் செய்த குறள். எச்சம் என்பதற்கு நன்மக்கள் என்று பரிமேலழகர் பொருள் சொன்னார். பின்னால் வந்த பலர் விட்டுச்சென்ற புகழ், பழி என்றார்கள். எச்சம் என்றால் மிச்சம், அவ்வளவுதானே என்று நானும் தாண்டிப் போயிருக்கிறேன்.

இலக்கணத்திலும் அதே சொல் இருக்கிறது. 'செய்து' என்று சொல்லி நிறுத்தினால் அது வினையெச்சம். கேட்பவர் காத்திருப்பார், செய்து என்ன? வேறொரு வினை வந்து முடித்து வைக்க வேண்டும். அந்த நோட்டில் அம்போடு நிற்கும் வரிகள் அப்படித்தான் நிற்கின்றன. சித்தப்பா போட்ட கையெழுத்தும் ஃபேனை நிறுத்தும்வரை எச்சம்தான். சித்தி மறந்திருந்தால் வெறும் காகிதம்.

பறவை போடுவதும் எச்சம். விழுங்கிய விதை அதில் கிடந்து எங்கோ சுவர் இடுக்கில் மரமாகிறது. பறவைக்கு மரம் நடும் எண்ணமெல்லாம் கிடையாது. (சித்தப்பா இதைப் படித்தால் என்னை எங்கே துரத்துவார் என்று தெரியும்.)

ஏப்ரல் 2, வியாழன்

தம்பியிடம், அதாவது சித்தப்பா மகனிடம், இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். அப்புறம், "கதவு பலமாச் சாத்துற சத்தம் கேட்டா எனக்கு இன்னமும் வயிறு கலங்குதுண்ணா. அதுவும் அவர் விட்டுட்டுப் போனதுதான்" என்றான்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. யாரென்றே தெரியாத கைவினைஞர்களுக்காக 200 வருடம் யோசித்த ஃபிராங்க்ளின், அதே உயிலில் சொந்த மகன் வில்லியமுக்கு ஏறக்குறைய ஒன்றும் வைக்கவில்லை. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் பக்கம் நின்றான் என்ற கோபம் கடைசிவரை ஆறவில்லை. குறளிலும் தக்கார் மட்டும் இல்லையே, தகவிலரும் எச்சத்தால்தான் தெரிவார்கள் என்கிறது. இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று அது சொல்லவில்லை.

தம்பி அந்த நோட்டை வாங்கிக்கொண்டு போனான்.

ஏப்ரல் 11, சனி

கண் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு படலத்தை ஒருவருக்குப் பொருத்திவிட்டார்கள். மற்றது பொருத்தும் தரத்தில் இல்லை, பயிற்சிக்குப் பயன்படும். யாருக்கு என்று சொல்ல மாட்டார்கள். அங்கேயும் யாருடையது என்று சொல்ல மாட்டார்கள். பேர் இல்லாமல் போனது சித்தப்பாவுக்குப் பிடித்திருக்காது.

தம்பி கடிதத்தை இரண்டு தடவை படித்தான். "எந்தக் கண்ணுன்னு போடலையே. திட்டும்போது இடது கண்ணைத்தான் சுருக்குவார்" என்றான். சித்தி சிரித்துவிட்டார். இந்த ஒன்றரை மாதத்தில் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "எனக்கு ஃபேனை நிறுத்தணும்னு உங்க யாருக்காவது ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டார்.

தம்பி எழுந்து போய், ஃபேன் சுவிட்சுக்கு மேலே சுவரில் கண் வங்கியின் எண்ணைப் பெரிதாக எழுதினான்.